கரிசல் சாலையில் துப்பாக்கி



பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊரில் இருந்த ஒரு பெரியவர் அண்மையில் காலமானார். அவரிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் என்னிடம் படித்தவர். “சார், அப்பா பேர்ல லைசென்ஸ் இருக்கு. காருல வச்சு பெங்களூருக்குக் கொண்டு போயிரலாமா?” என்று போனில் கேட்டார். “வேண்டாம் தம்பி, முதல்ல ஸ்டேஷன்ல ஒப்படைங்க” என்று ஒரு வரியில் பதில் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதில் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்டது. அதில் பாதி நம் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்திலேயே நடந்தது. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் கயத்தாறு. நாம் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது இடையில் வருகிற ஊர். 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் அங்கே தூக்கிலிடப்பட்டார் என்பது உங்களுக்கு வகுப்பிலேயே தெரியும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. கும்பெனிப் படைத்தலைவர் மேஜர் பானர்மேன் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண் முன்னாலேயே அந்தத் தண்டனையை நிறைவேற்றினார். அதோடு விடவில்லை. கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பாஞ்சாலங்குறிச்சியோடு நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் பாளையங்களும் பறிபோயின. இவை எல்லாம் இன்றைக்கும் நமக்குப் பஸ் ஓடுகிற ஊர்கள்தான். கும்பெனி பக்கம் நின்ற எட்டயபுரம், மணியாச்சி போன்ற பாளையங்களுக்கு நிலம் வெகுமதியாகக் கிடைத்தது.

ஆனால் ஆயுதம் முழுவதும் ஒழியவில்லை. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். இடிந்த கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்தது. மே 24 அன்று கர்னல் அக்னியூ அதைப் பிடிக்கும் வரை மூன்று மாதத்துக்கு மேல் கும்பெனிக்குத் தலைவலிதான். அந்த அனுபவத்துக்குப் பிறகு 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். (இவர் பிளாசிப் போரில் பேர் வாங்கிய ராபர்ட் கிளைவின் மகன்.) சண்டையில் சேர்ந்த பொதுமக்களுக்கு மன்னிப்பு உண்டு, ஆனால் இனிமேல் துப்பாக்கி, ஈட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஊர்க் காவலுக்கென்று ஆயுதம் ஏந்தியே பழகிய சீமை இது. அந்தச் சீமைக்குச் சட்டத்தின் பேரில் ஆயுதத் தடை வந்தது அப்போதுதான். 1803இல் ஜமீன் முறை வந்ததும் பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். கையில் வாள் இருந்த இடத்துக்குக் கணக்குப் புத்தகம் வந்தது.

இந்தியா முழுமைக்கும் இதே கதை 1857 கலகத்துக்குப் பிறகு வந்தது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1878இல், இந்திய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. அதே வருஷம்தான் தாய்மொழிப் பத்திரிகைகளை அடக்கும் சட்டமும் வந்தது. பேனாவுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே வருஷத்தில் பூட்டு. அந்த ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரருக்கு உரிமம் தேவை இல்லை, இந்தியருக்குத் தேவை. காந்திஜிக்கு இது ஆறாத புண்ணாக இருந்தது. 1930இல் இர்வின் பிரபுவிடம் அவர் வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சைக்காரர் இதைக் கேட்டாரா என்று ஆச்சரியப்பட வேண்டாம். அவர் கேட்டது துப்பாக்கியை அல்ல, சம மரியாதையை.

1878 சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. ஆயுதம் வைத்திருப்பதைப் போலவே அது நகர்வதையும் அந்தச் சட்டம் கண்காணித்தது. வெளியிலிருந்து கொண்டுவர உரிமம், உள்ளுக்குள் ஓரிடம் விட்டு ஓரிடம் அனுப்பக் கட்டுப்பாடு. காரணம் எளிது. வீட்டுப் பரணில் கிடக்கிற துப்பாக்கியைவிட வண்டியில் ஏறிய துப்பாக்கிதான் சர்க்காருக்குப் பயம்.

அந்தப் பயம் நிஜமானதும் நம் ரயில் பாதையில்தான். கோவில்பட்டியில் ஏறிக் கடம்பூர் தாண்டினால் மணியாச்சி. 1911 ஜூன் 17 காலையில் அந்த ஜங்ஷனில் நின்ற ரயில் பெட்டிக்குள் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். மனைவியோடு கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தார். சுட்டவர் வாஞ்சிநாதன். அதே துப்பாக்கியால் தன்னையும் சுட்டுக்கொண்டார். அது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் கைத்துப்பாக்கி.

அந்தச் சின்னத் துப்பாக்கியைச் சுற்றி எத்தனை எல்லைகள் என்று யோசித்துப் பாருங்கள். வாஞ்சி செங்கோட்டைக்காரர். செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956 நவம்பர் 1 அன்றுதான் நம்மோடு சேர்ந்தது. அவர் வேலை பார்த்தது புனலூரில், அதுவும் திருவிதாங்கூர். துப்பாக்கி சுடப் பயிற்சி பெற்றது வ.வே.சு. ஐயரிடம், புதுச்சேரியில். அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. காரியம் நடந்தது பிரிட்டிஷ் மண்ணில். மூன்று அரசுகள், ஒரு துப்பாக்கி. இடையில் ஒருவரும் நிறுத்திப் பையைப் பார்க்கவில்லை.

இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1909இல், லண்டனிலிருந்து பம்பாய்க்கு இருபது பிரௌனிங் துப்பாக்கிகள் ஒரு பெட்டியின் போலி அடித்தட்டுக்குள் மறைந்து வந்தன. அனுப்பியவர் சாவர்க்கர், கொண்டுவந்தவர் அங்கே இந்தியா ஹவுஸில் சமையல்காரராக இருந்தவர். அவற்றில் ஒன்றுதான் அந்த டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டது. வாஞ்சியை வணங்குகிறவர்கள் உண்டு, ஆஷின் மனைவியை நினைத்து வருந்துகிறவர்களும் உண்டு. இரண்டு பேரையும் என் வகுப்பில் பேச விட்டிருக்கிறேன். இன்று நான் சொல்ல வந்தது அந்த வழக்கைப் பற்றி அல்ல, சாலையைப் பற்றி.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிற வேற்றுமை இல்லாத சட்டம். 1983இல் ஒருவருக்கு மூன்று துப்பாக்கிக்கு மேல் கூடாது என்றார்கள், 2019இல் அதை இரண்டாகக் குறைத்தார்கள். இப்போது நடப்பில் இருப்பவை 2016ஆம் வருஷத்து விதிகள்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். உங்களில் பட்டாளத்தில் இருந்து வந்து வெளிமாநிலத்தில் வங்கிக் காவல் வேலைக்குப் போகிறவர்களும் கவனித்துப் படியுங்கள்.

உரிமம் என்பது துப்பாக்கிக்கு அல்ல, ஆளுக்கு. அப்பா இறந்த பிறகு அவர் உரிமம் மகனுக்குச் செல்லாது. துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் காரில் ஏற்றினால், அப்பாவின் நினைவுப் பொருள் சட்டத்தின் கண்ணில் உரிமம் இல்லாத துப்பாக்கி.

இரண்டாவது, உரிமத்தில் செல்லுபடியாகும் பரப்பு என்று ஒரு இடம் இருக்கும். மாவட்டம், மாநிலம், இந்தியா முழுவதும் என்று எது எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால் ஓசூர் தாண்டியதும் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. கோடுகள் மாறும் என்பதையும் மறக்காதீர்கள். 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது, 2019இல் தென்காசி பிரிந்தது. கழுகுமலையிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போனால் இன்றைக்கு வேறு மாவட்டம், வேறு கலெக்டர்.

மூன்றாவது, உரிமம் கையில் இருந்தாலும் திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகிய இடங்களுக்குத் தனி அனுமதி இல்லாமல் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. கொடை விழாவுக்கு வண்டியில் வைத்துக்கொண்டு வந்து நிற்பது கௌரவம் அல்ல, குற்றம்.

நான்காவது, உங்கள் துப்பாக்கியை டிரைவரிடமோ மச்சானிடமோ கொடுத்தனுப்ப முடியாது. பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ நீங்களே பயன்படுத்தவோ என்றால், நீங்கள் எழுத்தில் கொடுத்த அதிகாரத்தோடு இன்னொருவர் கொண்டுபோகச் சட்டம் இடம் தருகிறது.

ஐந்தாவது பலருக்கும் தெரியாதது. சட்டத்தின் 20ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சந்தேகப்படும்படி ஒருவர் ஆயுதம் கொண்டுபோனால், உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போலீஸ் மட்டுமல்ல, ரயிலிலோ வேறு வாகனத்திலோ வேலை செய்கிறவரும் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். நம் ஊர் பஸ் கண்டக்டருக்கும் அந்த அதிகாரம் உண்டு.

அதனால் உரிமம் உள்ளவர்கள் பயணத்தில் துப்பாக்கியில் தோட்டா இல்லாமல், உறையில் போட்டு, அசல் உரிமத்தைக் கையில் வைத்து, கேட்டவுடன் காட்டுவதுதான் முறை. என்.சி.சி.யில் என்னோடு பாயிண்ட் 22 ரைஃபிள்களை ஏற்றிக்கொண்டு சுடும் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு இது நினைவிருக்கும். என்.சி.சி. பணிக்கு இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு உண்டு. இருந்தாலும் போகும்போது ரைஃபிளை எண்ணினோம், வரும்போது சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டையும் எண்ணினோம். ஒரு கூடு குறைந்தால் பொட்டலில் குனிந்து தேடி எடுக்காமல் யாரும் வண்டி ஏறியதில்லை.

விலக்கு என்றதும் குடகைச் சொல்ல வேண்டும். குடவர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து பிரிட்டிஷ் காலத்தில் கிடைத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. ஆனால் அவர்களுக்கும் எல்லைக்கோடு உண்டு. குடகு மாவட்டத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு ரைஃபிளும் 100 தோட்டாவும், ஒரு சாதாரணத் துப்பாக்கியும் 500 தோட்டாவும்தான். கும்பெனி நம்பிய சீமைக்கு விலக்கு, எதிர்த்து நின்ற கரிசல் சீமைக்குத் தடை. வரலாறு இப்படித்தான் சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இன்றைக்கு மக்காச்சோளக் காட்டில் காட்டுப்பன்றி இறங்கி இரவோடு இரவாக அழித்துவிட்டுப் போகிறது. துப்பாக்கி இருந்தால் என்ன என்று சம்சாரிகள் கேட்பது எனக்குப் புரிகிறது. அந்தக் கோரிக்கையை மனுவாக எழுதுங்கள், கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லும்போது முகம் சுளிக்கவும் வேண்டாம். 1801இல் நம்மிடம் ஆயுதத்தைப் பறித்த உத்தரவில் நம் கையெழுத்து இல்லை. இப்போது உள்ள சட்டத்தை நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய மன்றம் செய்தது. பிடிக்காவிட்டால் மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தவர்களுக்கு இல்லாத உரிமை அது.

வெளிமாநிலத்தில் காவல் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் இன்றைக்கே உரிமத்தை எடுத்து அந்தப் பரப்பு வரியை ஒருமுறை படித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உரிமம் கொடுத்த அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்