தேவசித்தம் அறிதல்: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

டிசம்பர் 31 இரவு திருத்தணி உறங்குவதில்லை. மலைக்கோயிலின் 365 படிகளுக்கும் படிக்கொரு பூசை நடக்க, அடியார்கள் திருப்புகழ் பாடியபடி ஏறுகிறார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழா இது. அதே இரவில் இந்த வட்டாரத்துத் தேவாலயங்களில் புத்தாண்டு ஆராதனை நடக்கிறது. ஆராதனை முடிகையில் பல சபைகளில் வாக்குத்தத்த அட்டை தருவார்கள். கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுக்கிறவர், அதில் அச்சிட்டிருக்கும் வசனத்தை அந்த ஆண்டுக்கெனக் கர்த்தர் தமக்குத் தந்த வார்த்தையாக ஏற்றுக்கொள்கிறார்.

1960 ஏப்ரல் 1-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த பகுதி இது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இங்கே கிறிஸ்தவக் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவுகள் மற்றவர்களுடையவை போன்றவைதாம்: தறியை விற்றுவிடலாமா, மகனைச் சென்னைப் பக்கம் வேலைக்கு அனுப்பலாமா, மகளுக்கு வந்த வரனை ஏற்கலாமா. இவற்றில் கடவுளின் வழிநடத்துதலை எப்படி அறிவது? அடையாளம் ஒரு தேடலைத் தொடங்கிவைக்கலாம், அதை முடித்துவைக்க முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம். பிறர் முன் வைத்துச் சோதித்த பிறகே எந்த முடிவையும் தேவசித்தம் என்று சொல்லலாம்.

2. சீட்டும் வசனமும்

கோயிலில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தைத் தமிழர் எல்லோரும் அறிவர். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகச் சந்நிதியில் வைக்கப்படும். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாகக் கொள்ளும் விசுவாசி செய்வதும் அமைப்பில் அதுவே.

சீட்டுக்கு வேதாகமத்தில் இடமில்லாமல் இல்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத்தான் தெரிந்தெடுத்தார்கள் (அப்போஸ்தலர் 1:26). ஆனால் அது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன் நடந்தது. ஆவியானவர் அருளப்பட்ட பின் சபை சீட்டுப்போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடியவர்கள் வாதிட்டார்கள், சாட்சிகளைக் கேட்டார்கள், அதன் பிறகே பரிசுத்த ஆவிக்கும் தங்களுக்கும் நலமாகக் கண்டதைக் கடிதமாக எழுதினார்கள்.

1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறிய மொரேவியச் சகோதரர் கூட்டத்தார் சீட்டை மிகவும் நம்பியவர்கள். 1731 முதல் ஆண்டுதோறும் அவர்கள் அச்சிட்டுவரும் நாள்வசனங்களும் சீட்டால் எடுக்கப்படுபவை. ஆயினும் சாதாரண உறுப்பினர்களின் திருமணத்தைச் சீட்டால் முடிவு செய்யும் கட்டாயத்தை 1818-இல் கைவிட்டார்கள். நாள்வசனம் மட்டும் இன்றுவரை தொடர்கிறது. அது சபை முழுவதற்கும் பொதுவான ஒரே வசனம். நம் அட்டையோ தனியாளுக்குரியது. அட்டைகளில் ஆசீர்வாதமே இருக்கும், கடிந்துகொள்ளுதல் இராது. அவற்றில் அடிக்கடி இடம்பெறும் எரேமியா 29:11 பாபிலோனில் சிறையிருந்தோருக்கு எழுதப்பட்டது. வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், விடுதலைக்கு 70 ஆண்டு ஆகும் என்கிறது அதே கடிதம். அட்டையில் அந்தப் பகுதி அச்சாவதில்லை. துயரத்தில் இருக்கும் ஒரு விதவைக்கு அந்த அட்டை தரும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆறுதலுக்காகத் தந்ததைக் கட்டளையாக மாற்றுவதையே மறுக்கிறேன்.

3. திண்டிவனத்து இரவு

இவ்வட்டாரத்துக்கு அருகில் நடந்த சான்றுகளில் தலையாயது ஐடா ஸ்கடரின் முடிவு. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்த மருத்துவ ஊழியர். அவர் பிள்ளைகள் தொடங்கியதே ஆற்காடு மிஷன். குடும்பம் முழுவதும் போன பாதையில் தானும் போவதில்லை என்று உறுதியாக இருந்தவர் ஐடா. தாயின் உடல்நலக் குறைவால்தான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தார்.

1890-களின் தொடக்கத்தில் ஓரிரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். தன் தந்தை மருத்துவர், அவர் வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் தங்கள் பெண்களைத் தொடுவதற்கு மூவரும் சம்மதிக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இந்நிகழ்ச்சி சபைகளில் அழைப்பின் அற்புதமாகவே சொல்லப்படுகிறது. நுணுகிப் பார்த்தால் அதில் அசரீரி இல்லை, தரிசனம் இல்லை, திறந்து பார்த்த வசனமும் இல்லை. அயலாரின் தேவை இருந்தது. ஒரு பெண் மருத்துவரால் மட்டுமே அது தீரும் என்ற தெளிவான காரணம் இருந்தது. இரவெல்லாம் ஜெபித்தார். பெற்றோரிடம் சொன்னார். பிறகு பல ஆண்டுகள் படித்து, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1902-இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது.

அன்றிரவு பெற்ற உறுதியைப் பெற்றோரும், தேர்வுகளும், மிஷன் சபையும், நோயாளிகளும் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். அப்படிச் சோதிக்க ஐடா இடங்கொடுத்தார். இவ்வரலாற்றின் பெருமை கதவு தட்டப்பட்டதில் இருப்பதைவிட இதில்தான் அதிகம் இருக்கிறது.

4. ஒரு மாற்றுச் சான்று

தேவசித்தம் எப்போதும் விருப்பத்துக்கு எதிராகவே வரும் என்று ஐடாவின் கதையிலிருந்து முடிவுகட்டுவது தவறு. திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இந்து; ஆனால் படித்தவை திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரிஸ் கல்லூரி, பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த தத்துவப் புத்தகங்களே அவர் எந்தப் பாடம் படிப்பது என்பதைத் தீர்மானித்தன. தற்செயலாகத் தோன்றும் இப்படிப்பட்டவற்றுக்கு அப்பால் வேறு ஏதோ இருப்பதாகப் பின்னாளில் தன்வரலாற்றுக் கட்டுரையில் எழுதினார். கையில் கிடைத்ததை உழைத்துப் படித்தார். வழிநடத்துதலைப் பின்னோக்கிப் பார்த்தே கண்டார். அன்றாட முடிவுகளில் பெரும்பாலானவை இவ்வகையே என்பது என் துணிபு. தறியை விற்பதா என்பதற்குக் கணக்கு நோட்டும், அத்தொழில் தெரிந்தவர் ஆலோசனையும், ஜெபமும் போதும்.

5. வீட்டுக்குள் தேவசித்தம்

இப்பொருளில் மிகவும் கவலைக்குரிய இடம் திருமணம். தமிழ்க் கிறிஸ்தவ வரன் விளம்பரங்களில் மறுபடியும் பிறந்த அனுபவமும் சாதியின் பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன. சாதியும் நகையும் பேசி முடித்த பிறகு அந்த வரனுக்குத் தேவசித்தம் என்று பெயரிடும் வீடுகள் உண்டு. பெண் தயங்கினால், கர்த்தர் பேசிவிட்டார் என்று அவள் வாயை அடைக்கிறார்கள்.

1 சாமுவேல் 3-ஆம் அதிகாரம் இதற்கு நேர்மாறானது. சிறுவன் சாமுவேலுக்குக் குரல் விளங்கவில்லை. அதை இனங்கண்டு சொன்னவர் முதியவர் ஏலி. குரல் சொன்ன செய்தியோ ஏலியின் வீட்டுக்கு எதிரான தீர்ப்பு. அப்படியிருந்தும் காலையில் பையனை அழைத்து, எதையும் மறைக்காமல் சொல் என்றார் அவர். தனக்கு எதிரான வார்த்தையையும் இளையவர் வாயிலிருந்து கேட்கும் மனம் இல்லாத வீட்டில் தேவசித்தத்தை அறிய வழியில்லை.

ஆகவே பெற்றோரையும் ஆயர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வரனுக்காக உபவாசம் இருக்கும் முன் மகளைத் தனியே உட்காரவைத்து அவள் மனதைக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.