உறுப்புத் தானமும் பங்கீட்டு நீதியும்



மலைநாட்டுத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பீலிக்கரை தெரியாதிருக்க முடியாது. கோடையில் நீர் நூலாக ஒழுகும் நாட்களிலே, லயத்துப் பெண்கள் விடியுமுன்பே வந்து குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆள் அங்கு நிற்கவேண்டுவதில்லை. குடமே ஆளுக்காக நிற்கும். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தால் வரிசை சற்று விலகி வழிவிடும். கங்காணி வீட்டுக் குடம் வந்தாலும் சில வேளைகளில் விலகும். முன்னது நியாயம், பின்னது அநியாயம் என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே எல்லாரும் அறிந்திருந்தனர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அந்த வரிசையைப் பற்றியதே. ஆனால் இங்கே பங்கிடப்படுவது நீரன்று. மனிதனுடைய சிறுநீரகமும் ஈரலும் இருதயமும் ஆகும்.

கொடுப்பவரின் பெருமை நமக்குப் புதிதன்று. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசிலிட்ட சிபியையும், காளத்தியப்பருக்குக் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பரையும் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பௌத்த மக்களும் கண்ணீந்த சிவி அரசனின் ஜாதகக் கதையைப் போற்றுவர். அந்த நம்பிக்கையைத் துணைகொண்டே டாக்டர் ஹட்சன் சில்வா என்பார் 1960களில் இலங்கைக் கண்தானச் சங்கத்தை வளர்த்தெடுத்தார். நம் நாட்டவரின் விழிவெண்படலங்கள் கடல் கடந்து பல தேசங்களில் பார்வை தந்தன. நம் தேவைக்கு மேலாகவே கண்கள் கிடைத்தமையால், யாருக்கு முதலில் என்ற கேள்வி அங்கே அவ்வளவு கூர்மையாக எழவில்லை. சிபியின் கதையிலும் அக்கேள்வி இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கொடுப்பவனும் பெறுபவனும் நேருக்கு நேர் நிற்கின்றனர். இடையில் பட்டியல் இல்லை. பட்டியலைக் காப்பவனும் இல்லை.

1954ஆம் ஆண்டு டிசம்பரிலே அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மறே முதன்முதலாக வெற்றிபெறச் செய்த சிறுநீரக மாற்றுச் சிகிச்சையும் இத்தகையதே. இரட்டையருள் ஒருவர் கொடுத்தார், மற்றவர் பெற்றார். பங்கீட்டுச் சிக்கல் பிறந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, சியாட்டில் நகரிலே. 1960இல் அங்கு டாக்டர் ஸ்கிரிப்னர் என்பவர் நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தத்தக்க ஒரு குழாயைக் கண்டுபிடித்தார். அதனால், சிறுநீரகம் செயலிழந்தவர் இயந்திரத்தின் துணைகொண்டு ஆண்டுக்கணக்கில் உயிர்வாழலாம் என்றாயிற்று. இயந்திரங்களோ சில; நோயாளர்களோ பலர். எனவே ஊர்ப் பெரியோர் எழுவர் கொண்ட குழுவொன்றை அமைத்தனர். ஒரு வழக்கறிஞர், ஒரு மதகுரு, ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஒரு தொழிற்சங்கத் தலைவர் என அக்குழு இருந்தது. அவர்கள் எதைக் கொண்டு தீர்ப்பளித்தனர்? மணமானவரா, வருவாய் எவ்வளவு, தேவாலயத்துக்குப் போகிறவரா என்பனவெல்லாம் எடைபோடப்பட்டன. 1962இல் ஒரு சஞ்சிகை இதனை வெளிப்படுத்தியபோது உலகம் அதிர்ந்தது. அவ்வெழுவரும் தீயோரல்லர், நல்லெண்ணத்தோடு அமர்ந்தவர்களே. ஆயினும் தம்மைப் போன்றவர்களையே அவர்கள் தகுதியுடையவர்களாகக் கண்டனர். நல்லவர் கையில் கொடுத்துவிட்டால் நியாயம் தானாக வரும் என்ற எண்ணம் அன்று உடைந்தது.

தமிழகத்துக்கு வருவோம். 1971இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடைபெற்றது. 1980களில், உடல் அயல் உறுப்பை வெளித்தள்ளாமற் காக்கும் புதிய மருந்துகள் பரவின. உறவினரல்லாதாரின் சிறுநீரகமும் பொருந்தும் என்ற நிலை வந்ததும், அதற்கு விலையும் வந்தது. சென்னையின் வில்லிவாக்கம் ஏழைகள் பலர் சிறுநீரகம் விற்ற காரணத்தால் ‘கிட்னிவாக்கம்’ என்று ஏளனப் பெயர் பெற்றது. சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையிலே 2001இல் விசாரித்து அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று என் மனத்தை விட்டு அகல்வதில்லை. அவர்களுள் நூற்றுக்கு 96 பேர் கடனடைப்பதற்காகவே விற்றனர். விற்ற பின்னரும் நான்கில் மூவர் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விற்றவருள் பெரும்பாலார் பெண்கள். துண்டு விழுந்த சம்பளமும் கடைக்கடனும் அறிந்த தோட்டப்புறத்து மக்களுக்கு இதனை நான் விளக்கவேண்டுவதில்லை.

1994இல் இந்தியப் பாராளுமன்றம் இவ்விற்பனையைத் தடைசெய்து சட்டமியற்றியது. ஆனால் ‘அன்பின் பொருட்டு’ உறவினரல்லாதார் கொடுப்பதற்கு அச்சட்டம் ஒரு வாயிலைத் திறந்துவைத்திருந்தது. தரகர் அவ்வாயிலிலேயே நுழைந்தனர். ஆழிப்பேரலையால் வீடிழந்து சென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வெளிவந்தது. தடை மட்டும் போதாது, வேறொரு வழியும் வேண்டும் என்பது அப்பொழுது அரசுக்கு உறைத்தது.

அந்த வேறு வழி, மூளை இறந்தவரின் உறுப்புக்களைக் குடும்பத்தாரின் இசைவோடு பெறுவதாகும். இதற்கான விதையை முன்னரே ஊன்றியவர் டாக்டர் சுனில் ஷ்ராஃப் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். 1997இல் மோகன் அறக்கட்டளையைத் தொடங்கிய அவர், 2000ஆம் ஆண்டளவில் சென்னையின் சில வைத்தியசாலைகளை உறுப்புக்களைப் பகிர்ந்துகொள்ளும்படி ஒரு வலையில் இணைத்தார். அரசின் கை சேர்ந்தது 2008இல். அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக அரசு ஆணைகள் பல பிறப்பித்தது. அதே மாதத்தில், விபத்திலே மூளை இறந்த திருக்கழுக்குன்றத்துச் சிறுவனொருவனின் உறுப்புக்களை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானஞ் செய்தனர். பொலிஸார் வழியொழுங்கு செய்ய, அவனுடைய இருதயம் சென்னை நெரிசலைக் கடந்து பதினொரு நிமிடத்தில் முகப்பேரை அடைந்து ஒன்பது வயதுச் சிறுமியொருத்தியின் மார்பில் துடித்தது. பத்திரிகைகள் அந்தப் பதினொரு நிமிடத்தைக் கொண்டாடின. எனக்கோ அந்த இருதயம் எவ்விதியின்படி எங்குச் செல்லவேண்டும் என்று எழுதிவைத்தவர்களின் உழைப்பே பெரிதாகத் தோன்றுகிறது.

அப்படி உழைத்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் ஜோ. அமலோற்பவநாதன். சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலே இரத்தநாளச் சத்திரசிகிச்சை நிபுணராயிருந்த இவர், அரசின் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். கத்தி பிடித்த கை பதிவேட்டையும் பிடித்தது. அவர் காத்து நடத்திய விதிகளின் உள்ளுறையைச் சற்று விரித்துச் சொல்வேன். அரசு வைத்தியசாலையிலே தானம் கிடைத்தால் அரசு வைத்தியசாலையின் நோயாளர்க்கே முதலுரிமை. தனியார் வைத்தியசாலையில் கிடைத்தால் ஒரு சிறுநீரகம் அவ்வைத்தியசாலைக்கு. மற்றொன்று பொதுப் பட்டியலுக்கு. மாநிலத்துக்குள் ஏற்பார் இல்லையெனில் வெளிமாநிலம். வெளிநாட்டவர் எல்லார்க்கும் கடைசி.

தனியார் வைத்தியசாலைக்கு ஏன் ஒரு பங்கு? மூளை இறப்பை முறைப்படி சோதித்து அறிவிப்பதும், துயருற்ற குடும்பத்தோடு பேசுவதும், உடலைக் காத்து வைத்திருப்பதும் உழைப்பும் செலவும் உடையன. பயனொன்றுமில்லையெனில் எவரும் அறிவிக்கமாட்டார். அறிவிக்காவிடின் எவர்க்கும் எதுவும் இல்லை. ஆயினும் இவ்வேற்பாடு நோயாளிக்கன்றி வைத்தியசாலைக்கே வரிசை வகுக்கிறது என்ற குறை சொல்லப்பட்டது. அக்குறை பொய்யன்று. தானம் மிகுதியாக நிகழும் பெரிய வைத்தியசாலையிலே பதிந்தவனுக்கு அதிர்ஷ்டம் கூடுதல். அங்குப் பதியப் பணமும் வேண்டும். ஆகவேதான் பொதுப் பட்டியலிலே அரசு வைத்தியசாலைகளை முன்னிறுத்தியமை இத்திட்டத்தின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். 2018இல், இருதயங்கள் வெளிநாட்டவர்க்கு மிகுதியாகச் சென்றன என்ற குற்றச்சாட்டு தமிழகத்தை உலுக்கியது. விதி இருந்தும், ‘ஏற்பார் இல்லை’ என்ற சொல்லுக்குள்ளே ஏழையின் இயலாமை ஒளிந்திருக்கலாம் என்பதை அது காட்டியது. இருதய மாற்றுச் சிகிச்சைக்குப் பணமில்லாதவன் பட்டியலிலேயே இல்லை. இல்லாதவனை எவரும் முந்தவேண்டியதில்லை.

இயற்கை வகுக்கும் ஏற்றத்தாழ்வுகளும் உள. ‘ஓ’ வகை இரத்தமுடையவரின் சிறுநீரகம் எவர்க்கும் ஆகும்; அவர் பெறக்கூடியதோ ‘ஓ’ வகையினரிடமிருந்து மட்டுமே. ஆதலால் அவ்வகை உறுப்பை அவ்வகையினர்க்கே முதலில் அளிக்காவிடின் அவர்கள் காத்துக் காத்தே மடிவர். தூரமும் ஒரு நீதிபதியே. எடுத்த இருதயம் நான்கைந்து மணி நேரமே தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள் அளவு தாங்கும்.

நம் நாட்டிலே 1985இல் பேராசிரியர் ஷெரீப்தீன், பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப் ஆகியோரின் முயற்சியால் கொழும்பில் முதற் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்புத் தானத்துக்கு வழிவகுத்தது, விற்பனையை விலக்கியது. ஆயினும் இந்திய ஏழைகளைக் கொழும்புக்குக் கொணர்ந்து சிறுநீரகம் எடுத்ததாக இந்தியப் பொலிஸார் வழக்குப் பதிந்ததையடுத்து, 2016 ஜனவரியிலே வெளிநாட்டவர்க்கான மாற்றுச் சிகிச்சைகளைச் சுகாதார அமைச்சு இடைநிறுத்தவேண்டி வந்தது. வில்லிவாக்கத்து வியாபாரம் கப்பலேறி வந்துவிட்டதோ என்று அன்று நான் அஞ்சினேன். வடமத்திய மாகாணத்து உழவர்களைச் சிறுநீரக நோய் வாட்டுவதை நேயர்கள் அறிவர், தேவை குறையப்போவதில்லை.

2023 செப்டம்பரில் தமிழக அரசு, உறுப்புத் தானஞ் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடைபெறும் என்று அறிவித்தது. கூலிக்காரனின் பாடையருகே அரசு அதிகாரி மலர்வளையத்தோடு நிற்பது சிறிய காரியமன்று.

என்னிடம் கற்ற மாணவியொருத்தியின் தகப்பனார் வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கவ்வாத்து வேலை செய்தவர். இரு சிறுநீரகமும் பழுதடைந்து, கிழமைக்கு இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கண்டிக்குப் போய்வருகிறார். இருள் பிரியுமுன் பஸ் ஏறி, பதியப்பெலல்ல, ரிக்கில்லகஸ்கட வழியாக வளைந்து வளைந்து இறங்கவேண்டும். சென்ற மாதம் பாடசாலைக் கேற்றருகே என்னைக் கண்டு, “சேர், இந்த லிஸ்ட்டுல நம்ம பேரு எத்தனாவது இருக்கும்? அதக் கேக்கலாமா?” என்றார். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும் என்றேன். கேட்பதற்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி சொன்னார். அன்றிரவே எழுதினேன்.