சிறிய தோட்டாவின் பெரிய வரலாறு



தேசிய மாணவர் படையில் பயின்ற இளைஞர் பலர், பயிற்சி முகாமில் தரையிற் படுத்தவாறு ஒரு சிறிய ரைபிளைச் சுட்டிருப்பர். 'பாயிண்ட் டூ-டூ' என்பது அதன் வழக்குப் பெயர். 0.22 அங்குலம், அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர், என்னும் குழலளவைக் குறிப்பது அப்பெயர். அதன் தோட்டாவிலிருந்து பாயும் ஈயக் குண்டின் எடை பொதுவாக இரண்டரைக் கிராமுக்குச் சற்று மிகும், அவ்வளவே. இத்துணைச் சிறிய பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று கூற விழைகிறேன்.

போர்வீரரின் பெரிய தோட்டாவில், தீமூட்டும் மருந்து அடிப்புறத்தின் நடுவே தனிச் சிமிழில் அடங்கியிருக்கும். சிறிய தோட்டாவிலோ அம்மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்க, தோட்டா வெடிக்கும். ஆதலின் இவ்வகைக்கு 'ரிம்ஃபயர்' என்று பெயர். ஊசியால் நசுங்க வேண்டுமாயின் விளிம்பு மெல்லியதாக இருத்தல் வேண்டும்; மெல்லிய தகடோ மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. இதனாலேயே இவ்வகையிற் செய்யப்பட்ட பெரிய தோட்டாக்கள் காலப்போக்கில் மறைய, சிறியவை நிலைத்தன. உதைப்பு மிகக் குறைவு, ஓசை குறைவு, விலையும் குறைவு. சிறுமையே அதற்குச் சிறப்பாயிற்று.

1845-ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்துக் கம்மியர் ஃப்ளோபேர் என்பார், வீட்டுக் கூடத்திற்குள்ளேயே குறிபார்த்து விளையாட ஏற்ற சிறு துப்பாக்கியை அமைத்தார். 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் இம்முறையைச் சுழல் துப்பாக்கிக்குப் பயன்படுத்தினர். 1887-இல் 'லாங் ரைபிள்' என்னும் தோட்டா தோன்றியது. இன்றும் உலகெங்கும் இலக்குச் சுடுவோர் கையாள்வது அதுவே.

விளையாட்டாய்ப் பிறந்த இதனை ஒரு போர் வேறு திசையில் திருப்பியது. 1899 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவில், குறி தவறாது சுடும் போயர் உழவரிடம் பிரிட்டிஷ் படை ஒரே வாரத்தில் மும்முறை தோற்றது. கொலென்சோ போர்க்களத்தில் பீரங்கிகளை மீட்க முயன்று உயிர் நீத்தவருள் ஒருவர், ராபர்ட்ஸ் பிரபுவின் எஞ்சியிருந்த ஒரே மகன். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராக விளங்கியவர் அந்த ராபர்ட்ஸ். மகனை இழந்த அம்முதியவரே அப்போரை நடத்தச் சென்றார். தம் நாட்டுப் பொதுமக்களுக்குக் குறிபார்க்கும் பயிற்சி வேண்டும் என்பதைப் பின்னாளில் வற்புறுத்தி வந்தார். 1901-இல் சிறு ரைபிள் கழகங்களின் சங்கம் இங்கிலாந்தில் நிறுவப்பட்டது. பரந்த வெளியோ பெரும் பொருளோ தேவையில்லை. தொழிலாளியும் எழுத்தரும் மாலைப் பொழுதில் ஒரு கூடத்திற் கூடிச் சுடலாயினர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் சிறு ரைபிள் போட்டிகள் இடம்பெற்றன. போருக்கு ஆயத்தமாகத் தொடங்கிய பயிற்சி, அமைதிக் காலத்தின் ஆட்டமாகவும் வளர்ந்தது.

எனினும் வெற்றி துப்பாக்கியில் உள்ளதா, மனிதரிடத்தில் உள்ளதா? ஹங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி தகாச் இதற்கு விடையாவார். கைத்துப்பாக்கியில் வல்லவரான அவருடைய வலக்கையை 1938-இல் பயிற்சியின்போது வெடித்த கைக்குண்டு சிதைத்துவிட்டது. அவர் பிறரறியாமல் இடக்கையாற் பழகினார். போர் காரணமாக 1940, 1944 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் நடைபெறவில்லை. அவர் காத்திருந்தார். 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் விரைவுச் சுடுதலில் தங்கப் பதக்கம் பெற்றார்.

துப்பாக்கியைத் தேர்பவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. விலையை முதலில் நோக்கற்க, பொருத்தத்தை நோக்குக. கனத்த ரைபிள் அசைவைக் குறைக்கும்; ஆயினும் இளைஞனின் தோள் தாங்காத கனம் அவனையே அசைக்கும். கட்டையின் நீளம் கைக்கு ஏற்றதாதல் வேண்டும். விசை இழுபடாமல் தெளிவாக விடுபடல் வேண்டும். கைத்துப்பாக்கிக்குப் பிடியே உயிர்; அதன் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவாதலின், மணிக்கட்டின் சிறு பிழையும் இலக்கிற் பெரிதாகத் தோன்றும். ஒரு ரைபிளுக்கு இணங்கும் தோட்டா மற்றொன்றுக்கு இணங்காது. பலவகை வாங்கிச் சுட்டுப் பார்த்தே தெளிதல் வேண்டும். நம் நாட்டில் இவற்றுக்கு உரிமம் இன்றியமையாதது. ஆதலின் கழகத்தில் ஆசானிடம் பயிலத் தொடங்குவதே நன்று.

ஐம்பது மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவே. விசை விடுபட்ட பின்னும், குண்டு குழலை விட்டு நீங்கும்வரை, உடல் அசையலாகாது. மூச்சை அடக்கி, ஆவலை அடக்கி, தவறிய குண்டை மறந்து அடுத்ததை எண்ணுபவனுக்கே அவ்வட்டம் வசப்படும். பகைவன் எவனும் எதிரில் இல்லாத இக்களத்தில், சுடுபவன் வெல்ல வேண்டியது தன்னைத்தானே அன்றோ! அவ்வெற்றியின் சுவையை ஒருமுறை அறிந்தவர் இவ்விளையாட்டை எளிதில் விடார்.