எழுபத்தைந்து விழுக்காடும் ஐம்பத்தைந்து நாளும்: சித்தூர், திருப்பதிப் பள்ளிகளில் வருகைப்பதிவும் குழந்தைப் பாதுகாப்பும்

ஆந்திர அரசின் ‘அம்ம ஒடி’ திட்டம் 2020 ஜனவரி 9 அன்று சித்தூரில் தொடங்கிவைக்கப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். பிள்ளைக்கு 75 விழுக்காடு வருகை இருக்க வேண்டும். ஆட்சி மாறியபின் 2025 ஜூனில் ‘தல்லிக்கி வந்தனம்’ வந்தது. தாய்க்கு ஒரு தொகை என்பது பிள்ளைக்கு ஒரு தொகை என்றானது. 75 மட்டும் மாறவில்லை. பணம் வழங்க ஓர் எல்லைக்கோடு வேண்டும்தான். அதே கோட்டைப் பிள்ளையின் நலத்துக்கும் அளவாகக் கொண்டதுதான் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலைநாள் வைத்திருக்கிறது. அதில் கால் பங்கு 55 நாள். வாரம் ஒருநாள் வயிற்றுவலி என்று நிற்கும் பையன், பள்ளி திறக்கும் ஜூனில் கிளிமூக்கு மாங்காய் அறுவடைக்குப் பெற்றோரோடு போய்விடும் பிள்ளை, கல்யாணப் பேச்சு எழுந்ததும் வீட்டோடு நிறுத்தப்படும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஆகிய மூவருக்கும் ஆண்டிறுதியில் ஒரே விழுக்காடு வரலாம். முதலாமவனுக்குப் பயம், அடுத்த பிள்ளைக்குக் கூலி, அந்தப் பெண்ணுக்குச் சட்டம் தடுக்கும் திருமணம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பத்து விழுக்காடு நாள் தவறினாலே தொடர் வராமை என்று கணக்கிடுகிறார்கள். நம் 220இல் அது 22 நாள்தான். பிள்ளை வராமல் போவதைத் துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ அறிகுறியாகப் பார்க்கச் சொல்கிறது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான பாதுகாப்பு வழிகாட்டி. நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பிள்ளைமீது பாலியல் குற்றம் நடக்கக்கூடும் என்று அஞ்சினாலே காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்காத இடத்தில் அந்த அச்சம் ஆசிரியருக்கு எங்கிருந்து வரும்?

திருப்பதி ரயில் நிலையத்தில் தனியாக இறங்கும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. எங்கோ ஒரு வகுப்பில் அதற்குமுன் சில நாள் அந்தப் பிள்ளைக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கும். அங்கே விசாரிக்க வேண்டியதை இங்கே நடைமேடையில் விசாரிக்கிறோம்.

ஆந்திரத்தில் ஒரு முயற்சி நடக்காமல் இல்லை. பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி, தொடர்ந்து வராவிட்டால் கிராமத் தன்னார்வலர் வீடு தேடிச் செல்வார் என்று முந்தைய ஆட்சியில் அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வாசலில் நிற்பவர் பணம் நின்றுவிடும் என்று எச்சரிக்க வந்தவராகத் தெரிந்தால் வீடு வாயைத் திறக்காது. 2024க்குப் பிறகு தன்னார்வலர் அமைப்பே இல்லை.

இதே பழைய சித்தூர் மாவட்டத்தில் வேறொரு விடையும் உண்டு. அரசாணைகளில் அதை அதிகம் காண முடியாது. 2022 வரை இம்மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ரிஷிவேலியின் கிராமியக் கல்வி மையம் பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கும் சிறு பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியது. பாடநூல் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்படும். சுவரில் ஓர் ஏணிப் படம். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம். பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துவந்து உட்காரும். இருபது நாள் கழித்து வரும் பிள்ளைக்கு வகுப்பு எங்கோ போய்விட்டது என்ற திகைப்பு இல்லை. விட்ட படியிலேயே தொடங்கும். தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கு ஊற்றுக்கண் இதுதான். அந்த முறைமேல் குறை சொன்னவர்கள் பலர். சிலவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் விடுப்புக்குப்பின் வரும் பிள்ளையை அவமானமின்றி உள்ளே சேர்க்கும் வழியை அதற்குமுன் நம் அரசுப் பள்ளிகளில் யார் யோசித்தார்கள்? நிற்கவைத்து “இத்தனை நாள் எங்கடா போனே?” என்று வகுப்பின் முன் கேட்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்யும் மனத்துன்புறுத்தலுக்கு மிக அருகில் இருக்கிறது. மறுநாளும் அந்தப் பிள்ளை வராது.

ஆக, பிள்ளை வராத மூன்றாவது நாளே காரணத்தை எழுதும் ஒரு பத்தி வருகைப்பதிவேட்டில் வேண்டும். அந்தப் பத்தி உதவித்தொகைப் பட்டியலோடு இணைக்கப்படக் கூடாது. பணத்தோடு இணைத்தால் எல்லாக் காரணமும் ‘காய்ச்சல்’ ஆகிவிடும். வீட்டுக்குப் போக கிராமச் செயலகத்தில் நலம் மற்றும் கல்வி உதவியாளர் இருக்கிறார். பெண்பிள்ளை என்றால் மகளிர் காவலரும் உடன் செல்லலாம்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி, சத்தியவேடு பக்கம் சிக்கல் இன்னொன்று. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின்னும் தமிழ்க் குடும்பங்களுக்கு உறவும் வேலையும் மாநில எல்லைக்கு இருபுறமும் இருக்கின்றன. நகரியில் வராத பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில் படித்துக்கொண்டிருக்கலாம். எங்குமே படிக்காமலும் இருக்கலாம். மாநிலம் விட்டு மாநிலம் மாறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மத்திய அரசின் நிரந்தரக் கல்வி எண்ணைக் கொண்டு இரு பக்கத்துத் தலைமையாசிரியர்களும் அந்தப் பிள்ளையைத் தேட முடியும். அதுவரை பெயரை நீக்காமல் வைத்திருப்பதே சட்டப்படியும் சரி.