செம்மண்ணில் தப்பிப்போன ஒரு கணக்கு

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திவிட்டுக்குங்க மக்களே. 2009 மே மாசம். பிரெஞ்சு ஓப்பன் ஆரம்பிக்கப் போற வாரம். எங்க ரூம்ல நாலு பேர். யார் கோப்பையைத் தூக்குவாங்கன்னு பரோட்டா பந்தயம். நான் அக்மார்க் ஃபெடரர் ரசிகன். ஆனா பந்தயம் கட்டினது நடால் மேல. மனசு ஒரு பக்கம், பரோட்டா ஒரு பக்கம்!

துரோகம்னு திட்டாதீங்க, கணக்கு அப்படி. நடால் 2005-ல முதல் தடவையா அங்கே ஆட வந்தார். வந்த வருசமே கோப்பை. அப்புறம் 2006, 2007, 2008. அந்த மைதானத்துல ஒரு ஆட்டம்கூடத் தோத்தது கிடையாது. அவரும் ஃபெடரரும் செம்மண்ணில் அதுவரைக்கும் மோதினது 11 தடவை. ஒம்போது நடாலுக்கு, ரெண்டே ரெண்டு நம்மாளுக்கு. 2008 இறுதி ஆட்டம் 6-1, 6-3, 6-0. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடாமப் படுத்தவன்.

மத்தவங்க? ஜோகோவிச் அந்த சீசன்லயே மூணு தடவை செம்மண்ணில் நடால்கிட்ட தோத்திருந்தார். மர்ரேவுக்கு அப்பல்லாம் செம்மண் இன்னும் பழகலை. சில நாள் முன்னாடி மாட்ரிட்ல ஃபெடரர் நடாலை ஜெயிச்சிருந்தார்தான். ஆனா மாட்ரிட் மேட்டு நிலம், அங்கே பந்து வேகமாப் பறக்கும். அதோட மூணு செட் ஆட்டம். பாரிஸ்ல அஞ்சு செட். அதை நம்பி பரோட்டாவைப் பணயம் வைக்க முடியுமா?

இங்கே ஒரு சின்ன விஷயம். செம்மண், செம்மண்ணுன்னு சொல்றோமே, அது மண்ணே கிடையாது. செங்கல்லை அரைச்ச பொடி. ரோலண்ட் கேரோஸ்ல சுண்ணாம்புக்கல் அடுக்குக்கு மேல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவி வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். ஆனா அந்த மெல்லிசான பொடி செய்யற வேலை இருக்கே! பந்தோட வேகத்தைப் புடிச்சு வச்சுக்கும், உசரத்தைக் கூட்டிவிடும். சர்வீஸை மட்டும் நம்பி வந்தவன் பாடு திண்டாட்டம். நடால் இடதுகையால போடற டாப்ஸ்பின் பந்து, தரையில பட்டு ஃபெடரரோட ஒத்தைக்கை பேக்ஹேண்டுக்குத் தோள் உசரத்துல ஏறி வரும். அந்த உசரத்துல அடிச்சு அடிச்சே நம்மாளு ஓய்ஞ்சு போவார். வருசா வருசம் இதே கதை.

ஆக கணக்கு சரியாத்தான் இருந்தது. மே 31, ஞாயித்துக்கிழமை வரைக்கும்.

அன்னிக்கு நாலாவது சுத்துல நடாலுக்கு எதிரே ராபின் சோடர்லிங். ஸ்வீடன்காரர், போட்டித் தரவரிசையில் 23. ஒரு மாசம் முன்னாடி ரோம்ல இவரை நடால் 6-1, 6-0-ன்னு துவைச்சுக் காயப்போட்டிருந்தார். ஆனா மனுசன் ஆறடிக்கு மேல நாலு அங்குலம். ஃபெடரருக்குத் தோள் உசரத்துல வந்த பந்து இவருக்கு வாகா நெஞ்சுக்கு வந்தது. பேக்ஹேண்டும் ரெண்டு கை. பந்து எழும்பும்போதே நேரா, தட்டையா அறைஞ்சார். 6-2, 6-7, 6-4, 7-6. நடாலோட 31 தொடர் வெற்றி முடிஞ்சது. ரூம்ல ஒருத்தரும் பேசலை. எனக்குச் சிரிக்கிறதா, பரோட்டா போச்சேன்னு அழுவுறதான்னு தெரியலை.

ஜோகோவிச் மூணாவது சுத்துலயே கோல்ஷ்ரைபர்கிட்ட தோத்துப் போயிட்டார். மர்ரேவும் பின்னாடி காலிறுதியில் கொன்சாலஸ்கிட்ட தோக்கப் போறார். இனி ஃபெடரருக்குத்தான்னு ஊரே சொன்னது. மறுநாள் டாமி ஹாஸ் கூட ஆட்டம். நம்மாளு முதல் ரெண்டு செட்டும் காலி. மூணாவதுல 3-4, 30-40. அந்த ஒரு பாயிண்ட் போனா ஹாஸ் அடுத்து ஆட்டத்தை முடிக்க சர்வீஸ் போடுவார். ஃபெடரர் பேக்ஹேண்ட் பக்கம் வந்த பந்தை நகர்ந்து நின்னு ஃபோர்ஹேண்டால விளாசினார், கோட்டோரமா விழுந்தது. அதுக்கப்புறம் 6-4, 6-0, 6-2. அரையிறுதியில் டெல் போட்ரோவோட மறுபடி அஞ்சு செட். ஜூன் 7-ல, மழைத் தூறல்ல சோடர்லிங்கை 6-1, 7-6, 6-4-ன்னு ஜெயிச்சார். கோப்பையைக் கையில கொடுத்தவர் அகாஸி. அவர்தான் 1999-ல இதே ஊர்ல நாலு பெரிய பட்டங்களையும் முழுசாக்கினவர். ஃபெடரருக்கும் அன்னிக்கு நாலும் முழுசாச்சு. சாம்ப்ராஸோட 14-ஐயும் எட்டிட்டார்.

நடாலைச் சந்திக்காம ஜெயிச்சது ஒரு ஜெயமான்னு அப்பவே கேட்டாங்க. அதிர்ஷ்டம்னாங்க. எனக்கு அப்போ பதில் தெரியலை. இப்ப சாம்ப்ராஸை வச்சுப் பார்த்தா புரியுது. சாம்ப்ராஸ் 13 தடவை பிரெஞ்சு ஓப்பன் ஆடினார். ஒரே ஒரு அரையிறுதி, 1996-ல. கஃபெல்னிகோவ்கிட்ட அதுல தோத்தார். கதவு எப்பவாவது திறந்திருந்தாலும் அவர் வாசல்ல இல்லை. ஃபெடரர் 2005-ல அரையிறுதி, அடுத்த மூணு வருசமும் இறுதி. நாலு வருசமா அடி வாங்கிட்டே வாசல்லயே நின்னவர். நாலுலயும் அடிச்சது ஒரே ஆள். அந்த ஆள் நகர்ந்த அன்னிக்கு வேற யாரு உள்ளே போவாங்க?

வாசல்ல நின்னாப் போதுமான்னா, அதுவும் இல்லை. 1984-ல மெக்கன்ரோ அந்த வருசம் ஒரு ஆட்டம்கூடத் தோக்காம இறுதிக்கு வந்தார். லெண்டலை ரெண்டு செட் முந்தினார். அப்புறம் தோத்தார். அதுக்கப்புறம் அந்த இறுதிக்கு அவர் வரவேயில்லை. ஃபெடரருக்கு அந்த 30-40 வந்தப்போ கை நடுங்கலை பாருங்க, அதுதான் வித்தியாசம்.

நான் தப்புப் பண்ணின இடம் இதுதான். நடாலா ஃபெடரரான்னு ரெண்டு பேரை வச்சே கணக்குப் போட்டேன். கோப்பைக்கு ஏழு ஆட்டம், ஏழு எதிராளி. என் கணக்கு மொத்தமாவும் தப்பில்லைங்க. 2024-ல ஓய்வு பெறுறதுக்குள்ள நடால் அங்கே 19 தடவை ஆடி 14 கோப்பை எடுத்துட்டார். மொத்தமே நாலு தோல்விதான். அதுல முதலாவது அந்த ஞாயித்துக்கிழமை.

பரோட்டா? வேற யாரும் ஃபெடரர் பேரைச் சொல்லலியேன்னு பாவப்பட்டு அவர் மேல கட்டின ரூம்மேட் தின்னான். ஆறு. சால்னாவோட. காசு கொடுத்தது ஃபெடரர் ரசிகன். அவ்வளவு சந்தோஷமா நான் தோத்த பந்தயம் வேற இல்லை.

உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருந்திருக்குமே, சொல்லுங்க.