ஆமாம் சாமி அகராதி

அரசவை கூடியிருக்கிறது. அரியணையில் இளம் மன்னன், அருகிலே அமைச்சன். மான் ஒன்று அவைக்குள் கொண்டுவரப்படுகிறது. மன்னனுக்குத் தான் அளிக்கும் குதிரை அது என்கிறான் அமைச்சன். மன்னன் நகைக்கிறான், மானைக் குதிரை என்கிறீரே என்று கேட்டு, அவையோரை நோக்குகிறான். அவையோர் என்ன செய்தனர்? சிலர் வாய் மூடினர். சிலர் குதிரையே என்றனர். வேறு சிலர் மான் என்றனர். மான் என்றவர்களை அமைச்சன் மனத்தில் குறித்துக்கொண்டான். பின்னர் பழி தீர்த்தான்.

கதையல்ல தோழர்களே, வரலாறு! கி.மு. 207. சீனத்தின் சின் பேரரசு. அமைச்சன் பெயர் சாவ் காவ். வரலாற்றாசிரியர் சூமா சியன் எழுதிவைத்த செய்தி இது. சாவ் காவ் தேடியது குதிரையை அன்று, தலையாட்டிகளை! அதே ஆண்டில் மன்னன் தற்கொலைக்குத் தள்ளப்பட்டான். சிறிது காலத்தில் பேரரசே சரிந்தது. தலையாட்டலால் மட்டுமே சரிந்தது என்று கூறேன். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டிருந்தது. ஆனால் கிளர்ச்சி என்று உண்மை உரைத்தவன் தண்டிக்கப்பட்டான். வெறும் திருடர் கூட்டம் என்று இனிக்க உரைத்தவன் பிழைத்தான். பேரரசு போயிற்று, சொற்றொடர் ஒன்று எஞ்சிற்று. 'மானைக் காட்டிக் குதிரை என்பது' எனச் சீனர் இன்றும் வழங்குகின்றனர்.

அரசன் முன் எதிர்த்துப் பேச இயலாத மக்கள், அவன் முதுகுக்குப் பின்னே ஒரு சொல்லைச் செய்கின்றனர். வாளில்லாதவன் வடிக்கும் வாள் அது. பொய்யாகத் தலையாட்டுவோருக்கு உலகம் சூட்டிய பட்டங்களைத் தொகுத்தால், தனி அகராதியே ஆகும்!

உரோமாபுரிக்குச் செல்வோம். கி.மு. 161-ல் தெரன்சு என்னும் நாடக ஆசிரியரின் 'யூனகசு' அரங்கேறியது. அதிலே நாத்தோ என்றொரு பாத்திரம். கிரேக்க மொழியில் 'தாடை' என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். பெருமை பேசும் படைத்தலைவன் ஒருவனை அண்டி உண்பவன். அவன் கூற்று எதுவாயினும் அதை வழிமொழிவதே தொழில். மெய்யியலாருக்கு ஆசானின் பெயரால் பள்ளிகள் இருப்பதுபோல, தன் தொழிலைக் கற்போரும் தன் பெயரால் 'நாத்தோனியர்' எனப்படவேண்டும் என்கிறான் அவன். தலையாட்டுதல் ஒரு தத்துவமாம்! தாடையே அதன் தலைமைப் பீடமாம்! இச்சொல்லைச் செய்த தெரன்சு யார்? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக வந்து, பின்னர் விடுதலை பெற்றவர். கட்டாயத்தால் 'ஆம்' என்பதன் கசப்பை அறிந்தவர், விரும்பி 'ஆம்' என்பவனைக் கண்டு நகைத்ததில் வியப்பென்ன?

ஆங்கில நாட்டில், சந்தையிலே மருந்து விற்கும் போலி மருத்துவன் ஒரு கையாளை வைத்திருப்பான். நஞ்சுடையது என மக்கள் நம்பிய தேரையை அந்தக் கையாள் தின்பான், அல்லது தின்பதாக நடிப்பான். உடனே எசமானன் மருந்து கொடுத்து 'உயிர் காப்பான்'. தேரைதின்னி என்ற அந்தப் பெயர், பெரிய மனிதரை அண்டி அவருக்காக எதையும் விழுங்குவோரின் பெயராயிற்று. சுருங்கி 'டோடி' என வழங்குகிறது.

மன்னரில்லாத அமெரிக்காவில் மட்டும் இக்கூட்டம் இல்லையா? 1881-ல் நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலர் பதவிக்குத் தம் எதிரியை நியமித்த குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டோடு பிணங்கி, செனட்டர் கான்க்ளிங் பதவி விலகினார். அதே மாநிலத்தின் மற்றொரு செனட்டர் பிளாட்டும் உடன் விலகினார். 'நானும்தான்' பிளாட் என்று நாடே நகைத்தது. இருவரையும் மீண்டும் தேர்ந்தெடுக்கச் சட்டமன்றம் மறுத்துவிட்டது. 1933-ல் உட்ஹவுசு என்னும் நகைச்சுவை எழுத்தாளர் ஆலிவுட் படமுதலாளிகளின் அவையை எழுதினார். அங்கே 'ஆமாம்' சொல்வோர் ஒரு படி. அவர்கள் சொல்லி முடித்தபின், வாய்திறவாமல் தலையாட்டுவோர் அதற்கும் கீழ்ப்படி!

நம் மக்கள் சளைத்தவர்களா? பாடுபவர் எதைப் பாடினாலும் உடன் ஒலிப்பது ஜால்ரா. எதைக் கேட்டாலும் தலையசைப்பது பூம்பூம் மாடு. ஆமாம் சாமி என்ற பட்டத்திற்கோ விளக்கமே வேண்டா.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பள்ளியில் ஆசிரியர் கூட்டம் நடந்தது. தேர்ச்சி விழுக்காடு குறையாதிருக்க, பின்தங்கிய மாணவர் எழுவரைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பாமல் நிறுத்திவிடலாம் என்று கூறப்பட்டது. ஒருவர் 'சரி' என்றார். அடுத்தவர் 'மிகச் சரி' என்றார். நான் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். உட்ஹவுசின் கணக்கில் நான் எந்தப் படி? கூட்டம் முடிந்ததும், தாழ்வாரத்தில் நாங்கள் அனைவருமே அந்த முடிவைக் குறைகூறினோம்!

மறுநாள் வகுப்பிற்குள் நுழையுமுன் ஒரு மெல்லிய ஒலி கேட்டது: "பூம்... பூம்..." பின்வரிசையிலிருந்து வந்தது. செய்தி எப்படியோ கசிந்திருக்கிறது. அந்த எழுவரில் மூவர் அமர்வது அந்த வரிசையில்தான். பிரம்பை நாடவில்லை நான். பிள்ளைகள் செய்தது குறும்பன்று, தீர்ப்பு!

மாலையில் தலைமையாசிரியரிடம் சென்றேன். "நேற்றுத் தலையாட்டினேன், அது பொய். எழுவரும் தேர்வு எழுதவேண்டும். மாலை நேரத்தில் நானே அவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், அடுத்த கூட்டத்தில் மீண்டும் பேசலாம் என்றார். முடிவு என்னவாகும்? அறியேன். ஆனால் மாலைப் பாடம் தொடங்கிவிட்டது.

இளைஞர்களே! கேலிச்சொல் செய்யுங்கள், அது வலியோரைக் குத்தும் முள். ஆனால் அந்தச் சொல் என்றேனும் நம் முகத்தை நோக்கித் திரும்புமாயின், சினங்கொள்ள வேண்டா. மானைக் காணும்போது மான் என்று சொல்லிவிட்டால், அகராதியில் நமக்கு இடமிராது.