மாலை கழற்றிய பின்: புகை விடுதலில் வேட்கையும் வாய்ப்பும்

புகைப்பதை விட முனைவோருக்குத் தரப்படும் அறிவுரைகள், வேட்கையை நிக்கோட்டின் பற்றாக்குறையின் அளவுகோலாகவே பெரும்பாலும் காட்டுகின்றன. ரத்தத்தில் நிக்கோட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். அது குறையக் குறையத் தவிப்பு கூடும் என்பது கணக்கு. இக்கணக்கில் பாதிதான் உண்மை என்று இங்கு வாதிடுகிறேன்.

சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்பவரை எடுத்துக்கொள்வோம். தினமும் பத்துப் பதினைந்து சிகரெட் பிடித்தவர், விரதம் முடியும்வரை அதைத் தொடாமல் இருப்பதைத் தமிழ்நாட்டில் எல்லாரும் கண்டிருப்போம். (மாலையோடு மறைவில் ஒதுங்கித் தம் போடுவோரும், ஒரே வாரத்தில் விரதத்தை முடித்துக்கொள்வோரும் இந்த வாதத்தில் சேரமாட்டார்கள்.) எரிச்சல், தூக்கக் குலைவு, மனம் ஒன்றாமை போன்ற விலகல் அறிகுறிகள் முதல் சில நாட்களில் உச்சம் தொட்டு, பொதுவாக 3, 4 வாரங்களில் அடங்கிவிடும். முழு மண்டலமான 41 நாள் கடந்தவரின் உடல், தன் பங்குக்கு நிக்கோட்டினை மறந்துவிட்டது எனலாம். ஆனாலும் மலையிறங்கி மாலையைக் கழற்றிய கையோடு பெட்டிக்கடைக்குப் போகிறவர்கள் பலர். உடலின் பற்றாக்குறையைக் கொண்டு மட்டும் இதை விளக்க முடியாது. விரத நாட்களில் ‘பிடிக்கலாமா’ என்ற கேள்விக்கே இடமில்லை. கழற்றியதும் அக்கேள்வி திரும்பிவிடுகிறது.

இஸ்ரேலிய உளவியலாளர் ரூவன் தார் குழுவினரின் ஆய்வுகள் இதே திசையில் செல்கின்றன. ஓய்வுநாள் விதியால் சனிக்கிழமை புகைக்காத வைதிக யூதர்களிடம், அன்று காலை வேட்கை மிகக் குறைவாகவே இருந்தது. 2010இல் வெளிவந்த ஆய்வில், புகைக்கும் விமானப் பணியாளர்கள் குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் தங்கள் வேட்கையை மதிப்பிட்டார்கள். தரையிறங்கும் நேரம் நெருங்க நெருங்க வேட்கை ஏறியது. குறுகிய பயணத்தின் முடிவில் இருந்த வேட்கை, நீண்ட பயணத்தில் அதே அளவு நேரம் கடந்த கட்டத்தில் இருந்ததைவிட மிக அதிகம். இருவேளையும் புகைக்காதிருந்த நேரம் ஒன்றே. அடுத்த சிகரெட் எவ்வளவு தொலைவில் என்பதுதான் வேறு.

அப்படியானால் நிக்கோட்டின் மாற்று மருந்துகளுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அவை வெற்றிவாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன என்பது பல சோதனைகளைத் தொகுத்து நிறுவப்பட்டது. ஒட்டுப்பட்டையோடு சூயிங்கமும் சேர்ந்தால் பலன் இன்னும் கூடும். பட்டை நாள் முழுதும் நீடிக்கும் அடித்தவிப்பைத் தணிக்கிறது. சூழல் கிளப்பும் திடீர் வேட்கைக்கு, கையில் எடுக்கும் மருந்து தேவைப்படுகிறது.

அதைப் பயன்படுத்தும் முறையில்தான் நம்மூரில் கோளாறு. நிக்கோட்டின் கம்மைச் சாதாரண பபுள்கம் போல விடாமல் மெல்லக்கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி, காரம் தணிந்ததும் மீண்டும் மெல்லவேண்டும். தொடர்ந்து மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய், விக்கலும் நெஞ்செரிச்சலுமே மிஞ்சும். காபி, கோலா போன்ற அமிலத்தன்மையுள்ள பானங்கள் வாயில் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. காபி குடித்ததும் ஒரு தம் என்று பழகியவருக்கு வேட்கை எழும் கணமே, கம் சரியாக வேலை செய்யாத கணமாகவும் அமைகிறது. ஆகவே ‘ஆசை வந்தால் மெல்லுங்கள்’ என்பது அரைகுறை அறிவுரை. காபிக்கு முன்பே அதை மென்று முடித்திருக்கவேண்டும்.

வாய்ப்பே வேட்கையை வளர்க்கிறது என்றால், மனவுறுதிப் பேச்சைவிட, சிகரெட்டை ஒன்றொன்றாக விற்கும் சில்லறை விற்பனை முக்கியமாகிறது. ஒன்றொன்றாக வாங்குபவர் குறைவாகப் பிடிக்கிறார் என்ற எதிர்வாதம் உண்டு. பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அது ஓரளவு பொருந்தலாம், விட்டவருக்குப் பொருந்தாது. முழுப் பாக்கெட் வாங்கும் முடிவை எடுக்கத் தயங்குபவர், ஒன்றே ஒன்று என்பதற்குத் தயங்குவதில்லை. 2016 முதல் பாக்கெட்டின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் அச்சாகிறது; ஒற்றைச் சிகரெட் வாங்குபவர் கைக்கு அந்தப் பாக்கெட் வருவதே இல்லை. தீக்கும் அவர் அலையவேண்டாம், கடையிலேயே கிடைக்கும். மகாராஷ்டிரம் 2020இல் சில்லறை விற்பனையைத் தடைசெய்தது. அமலாக்கம் கடினம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தத் தடையை வெறும் வணிக ஒழுங்குமுறையாகக் கருதாமல், புகை விடுவோருக்கான சிகிச்சையின் பகுதியாகவே மதிப்பிடவேண்டும்.